பொருள்: வாள், ஒன்று

பிரெஞ்சு அறைக்கு வேலைக்கு வந்த அன்று ஸ்டோரக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மேடம், இதுல காலாவதி தேதி எங்க போட்டிருக்கும்?" என்பதுதான். கிண்டல் செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. தோல் அட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்றைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பி உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தார். "புத்தகத்துக்கெல்லாம் அது கிடையாதுக்கா," என்றேன். "அப்படியா, ஒரு வேலை மிச்சம்," என்று மேசைக்குப் போய்விட்டார்.

அவர் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்தவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஸ்டோரக்காதான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்ததால் பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்துப் பெட்டிகளில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக் காகிதம்தான் இருக்கும். அதைப் படித்து, இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன நிலையில் வந்தது என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. ஸ்டோர் இருந்தது நிலவறையில். முப்பத்திரண்டு படி. முழங்கால் தேய்ந்து, படி இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வந்த பிறகுதான் அதே நிர்வாகத்தின் கீழிருந்த எங்கள் நூலகத்துக்கு, தற்காலிகமாக, அனுப்பினார்கள்.

எங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. தரைத்தளத்தில் கடைசி அறையில் முந்நூற்றுப் பதினெட்டு பிரெஞ்சுப் புத்தகங்கள் பட்டியல் இல்லாமல் கிடந்தன. எல்லாம் கதை, கவிதை, நாடகம். கட்டடப் பொறியாளருக்கு அந்த அறையின் மேல் ஒரு கண். கம்ப்யூட்டர் வைக்க வேண்டுமாம். இரண்டு வருடத்தில் பொருள்வாரியாக முழுப் பட்டியல் தயாராக வேண்டும், இல்லையென்றால் அறையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நூலகக் குழு முடிவு செய்திருந்தது. அறை போனால் புத்தகங்கள் கிடங்குக்குப் போகும், ஸ்டோரக்கா திரும்பவும் அந்த முப்பத்திரண்டு படிக்குப் போவார். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் பிரிவுக்கு நான்தான் தலைவி. கோபம் எனக்கு மூக்குக்கு மேல். பின்னால் என்னைப் 'பட்டாசு' என்று கூப்பிடுகிறார்கள். காதில் விழாததுபோல் இருந்துகொள்வேன். பிரெஞ்சில் எனக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும், அதுவும் சரியாக வாயில் நுழையாது. அதனால் அட்டைகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, எழுதியவர், தலைப்பு, ஆண்டு, பொருள், இந்த நாலையும் நிரப்புங்கள் அக்கா என்று சொல்லி ஒதுங்கிவிட்டேன்.

நடுவில் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். மேலே இருந்த அட்டையில் 'பொருள்: வாள்' என்று இருந்தது. வாளைப் பற்றிய புத்தகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்ததில் 'கேடயம்'. போர்க்கருவிகள் பற்றி இத்தனை எழுதியிருக்கிறார்களே, பிரெஞ்சுக்காரர்கள் பெரிய ஆட்கள்தான் என்று மெச்சிக்கொண்டே வந்துவிட்டேன். என் புத்தியை எதில் கொண்டு போய்ச் சேர்ப்பது.

ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடியது. ஸ்டோரக்கா தினமும் துணிப்பையில் ஒரு புத்தகம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார், காலையில் கொண்டுவந்து வைப்பார், அட்டை எழுதுவார், இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார். குழு வருவதற்கு நாலு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, எல்லாம் முடிந்துவிட்டது என்று சாவியோடு வந்து நின்றார். சந்தோஷமாக இழுப்பறையைத் திறந்து நடுவிலிருந்து ஒரு அட்டையை உருவினேன்.

'பொருள்: செருப்பு. எண்ணிக்கை: ஒன்று (இடது கால்). நிலை: மற்றது ஆற்றோடு போய்விட்டது.'

இன்னொன்றை உருவினேன். 'பொருள்: நிலக்கரிக் கூடை. எண்ணிக்கை: எண்ண முடியவில்லை. நிலை: தூக்குகிறவளுக்கு வயது பன்னிரண்டு.'

"அக்கா, என்ன இது?"

"பொருள் மேடம். ஒவ்வொரு புத்தகத்துலயும் முக்கியமான பொருள் எதுவோ அதைத் தேடி எழுதியிருக்கேன். எண்ணிக்கைக்கும் நிலைக்கும் நீங்க கட்டம் போடல. நானே கீழ சேர்த்துக்கிட்டேன்."

அட்டையை மேசையில் போட்டேன். "பொருள்னா சாமான் இல்லக்கா. பொருள்னா விஷயம். புத்தகம் எதைப் பத்தினது, காதலா, சண்டையா, கடவுளா, அது. முந்நூத்திப் பதினெட்டுலயும் சாமானா எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். "அப்போ விஷயம்னு அடிச்சிருக்கலாமே மேடம்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அது நியாயம் என்று தெரிந்ததாலேயே எனக்கு இன்னும் ஏறியது. என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத வெட்கமாக இருக்கிறது. இது நூலகம், பழைய சாமான் கிடங்கு இல்லை என்றேன். உங்களை அனுப்பினவங்களைச் சொல்லணும் என்றேன். அறை போயிற்று, உங்களால்தான் போயிற்று என்றும் சொன்னேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாலு நாள்ல அத்தனையும் மறுபடி படிக்க முடியாது மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. இழுப்பறைச் சாவி அவரிடம் இருந்தது. சனிக்கிழமை மதியம், சாவியை வாங்குகிற சாக்கில், வீட்டைத் தேடிப் போனேன்.

இரண்டு அறை வீடு. அடுக்களை அலமாரியில் ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருந்தது: பொருள், எண்ணிக்கை, நிலை. 'சர்க்கரை, அரை டப்பா, எறும்பு வரலாம்.' கதவைத் திறந்தவர் அவர் கணவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முறத்தில் பீன்ஸை வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பழைய இடம் இருக்கான்னு கேக்கப் போயிருக்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடணும்னு சொல்லிட்டுப் போறா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முப்பது வருடம் கூட்டத்தில் பேசிப் பழகிய வாய்.

"எனக்குத்தான் நஷ்டம்மா. டெய்லி சாயங்காலம் நான் காய் நறுக்குவேன், அவ கதை சொல்லுவா. எந்தச் சாமான் முக்கியம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம். சில நாள் சண்டையே வரும். மோதிரம்னு அவ சொல்லுவா, மோதிரம் வச்சிருந்த டப்பாதான்னு நான் சொல்லுவேன்." சிரித்துவிட்டு ஒரு பீன்ஸைக் கிள்ளிப் போட்டார். "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஆரம்பத்துல வந்த கதையில எல்லாம் ராஜா வீட்ல ஒருத்தர் அழுதா நாடே சேர்ந்து அழும். போகப் போக அது மாறிடுச்சு. அவங்கவங்க அறையில, கதவைச் சாத்திக்கிட்டு, தனித்தனியா அழ ஆரம்பிச்சுட்டாங்க. எப்போ மாறிச்சுன்னு கேட்டேன். ஒரே நாள்ல மாறலங்க, இழுப்பறையில பார்த்தா தெரியும்னா."

சாவி ஆணியில் தொங்கியது. அவரே எடுத்துக் கொடுத்தார். நான் நேராக நூலகத்துக்குப் போனேன். விடுமுறை; ஆள் இல்லை. இழுப்பறையை வெளியே இழுத்து நீள மேசையில் வைத்தேன். அப்போதுதான் இன்னொரு தப்பும் தெரிந்தது. அட்டைகள் எழுதியவர் பெயர் வரிசையில் இல்லை. ஸ்டோர் வழக்கப்படி, பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டிலிருந்து மூன்று வருடம் முன் வந்த நாவல் வரை, ஆண்டு வரிசையில் நின்றன. திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் முதல் அட்டையை எடுத்தேன்.

'வாள், ஒன்று. நிலை: முனை உடைந்துவிட்டது. ஆனாலும் விட மாட்டேன் என்கிறான்.' 'கேடயம், ஒன்று. நிலை: செத்த பிறகும் கையில்.' 'ஒரு புனிதரின் எலும்பு வைத்த பேழை, ஒன்று. நிலை: யாரும் திறந்து பார்த்ததில்லை. எல்லோரும் நம்புகிறார்கள்.' இப்படியே இருபது, முப்பது அட்டை. எஜமானுக்காகச் சண்டை, கடவுளுக்காகச் சாவு. பிறகு திடீரென்று, 'உலக வரைபடம், ஒன்று. நிலை: பாதி காலி. வரைய வரைய இடம் கூடுகிறது.' அதற்கு அடுத்தது, 'மதுப் பீப்பாய், நாற்பது. நிலை: தீர்ந்துவிட்டது. சிரிப்பு தீரவில்லை.' ஜன்னலைத் திறந்ததுபோல் இருந்தது எனக்கு.

அப்புறம் அரண்மனைக்குள் போய்விட்டார்கள். 'கிரீடம், ஒன்று. நிலை: பளபளப்பு. அணிய வேண்டுமென்றால் அவள் காதலனை விட வேண்டும்.' 'முகக்கண்ணாடி, முப்பது. நிலை: யாரும் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. மற்றவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கிறார்கள்.' நூறு வருடம் தள்ளி, 'பூதக்கண்ணாடி, ஒன்று. நிலை: முதலில் ஈயை வைத்துப் பார்த்தான். பிறகு பாதிரியாரை வைத்துப் பார்க்கிறான்.' அந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அதற்கு இரண்டு அட்டை பின்னால் கிரீடம் மறுபடி வந்தது. 'நிலை: தலைக்குப் பெரிதாக இருக்கிறது என்று ஒருவன் உரக்கச் சொல்லிவிட்டான்.'  அடுத்த தடவை கிரீடம் வந்தபோது அது பழைய சாமான் கடையில் இருந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கடைசி வரை வரவில்லை.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. 'கைக்குட்டை, ஒன்று. நிலை: ஈரம். ஏரிக்கரையில் தனியாக அழுகிறான். யாரும் சாகவில்லை.' கண்டக்டர் சொன்ன இடம் இதுதான். அதற்குப் பின்னால் ஊர் பெருக்கிறது, ரயில் வருகிறது, சலவைத் தொட்டியும் நிலக்கரியும் வருகின்றன. வேலை செய்கிற கைகள் முதல்முதலாகக் கதைக்குள் நுழைகின்றன. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கூடையை வியாழக்கிழமை நான் எப்படிப் பார்த்தேன் என்று நினைத்தபோது முகம் சுட்டது.

பிறகு, 'மண்வெட்டி, ஆளுக்கு ஒன்று. நிலை: முதலில் பதுங்கக் குழி, பிறகு புதைக்கக் குழி.' அதற்கடுத்து, 'கைக்கடிகாரம், ஒன்று. நிலை: நன்றாக ஓடுகிறது. எதற்கு என்று கேட்கிறான். யாரிடமும் பதில் இல்லை.' நம்பிக்கையே போய்விட்டதே இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைப் புரட்டினால், கடல் தாண்டிப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். 'கரும்பு வெட்டும் கத்தி, ஒன்று. நிலை: கூர். இத்தனை நாள் வெட்டிக்கொண்டிருந்தவனே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.' அந்தப் பக்கத்தில்தான் கண்ணாடியும் திரும்ப வந்தது. 'முகக்கண்ணாடி, ஒன்று. நிலை: பள்ளிக்கூடச் சுவரில். பாடப்புத்தகத்தில் இருக்கும் முகம் இதில் தெரியவில்லை.'

நான் படித்தவள். பட்டியல் போடுவதில் பட்டம் வாங்கியவள். காதல், போர், சமயம், சமூகம் என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் புத்தகத்தின் கழுத்தில் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் இப்படித் தெரிந்ததில்லை. ஆயிரம் வருடம், ஒரு மேசை நீளத்தில். ஒரு மொழி பேசியவர்கள் எதைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள், எதை எப்போது கீழே போட்டார்கள், எல்லாம் தெரிந்தது. வண்டி கட்டி ஏற்ற வேண்டிய சாமான்கள் போகப் போகச் சிறுத்து, கடைசியில் ஒரு கைப்பைக்குள் அடங்குகிறவை ஆகிவிட்டன. 'பாஸ்போர்ட், ஒன்று. நிலை: பெயரில் எழுத்துப்பிழை.' 'வீட்டுச் சாவி, ஒன்று. நிலை: வீடு இல்லை.'

முந்நூற்றுப் பதினெட்டாவது அட்டையில், 'பொருள்: இல்லை. எண்ணிக்கை: பூஜ்யம்' என்று இருந்தது. நிலை என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கோடு. நேரமாகிவிட்டதால் அவசரமாக எழுதிவிட்டார் போல என்று நினைத்தேன். அவரை அப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, திங்கட்கிழமை வாங்க. ஒரு அட்டையைக்கூட அழிக்க வேண்டாம். நான் பேசினது தப்பு."  "ஆஸ்பத்திரில ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க மேடம்," என்றார். "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கில்ல," என்றேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். தலைவரும் பொறியாளரும் மட்டும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியாது. பொறியாளர் உள்ளே வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார், பிளக் எங்கே வைக்கலாம் என்று. பிறகு நின்றபடியே ஒரு அட்டையை எடுத்தார்.

"செருப்பு, ஒன்று, இடது கால். என்னம்மா இது, நூலகமா செருப்புக் கடையா?"

தலைவரும் சிரித்தார். நான் பேச வாயெடுத்தேன். "முன்னாடியிலேருந்து படிங்க சார், வரிசை இருக்கு," என்றார் ஸ்டோரக்கா. கேலிக்காகத்தான் பொறியாளர் முன்னாலிருந்து படிக்க ஆரம்பித்தார், அதுவும் சத்தமாக. வாள் வரும்போது சிரிப்பிருந்தது. பீப்பாய் வரும்போது உண்மையான சிரிப்பாகிவிட்டது. மண்வெட்டி வரும்போது குரல் இறங்கி, தனக்குத்தானே படித்துக்கொள்வதுபோல் ஆனது. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் படித்து முடித்த அட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். 

கடைசி அட்டைக்கு வந்தார்கள். "இது ஏன் காலியா விட்டிருக்கீங்க?" என்றார் தலைவர்.

"காலியா விடல சார். அந்தக் கதையில பொருளே இல்ல. மூணு வருஷம் முன்னாடி வந்த புத்தகம். ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட, படகுல வர்றா. பாரம் தாங்காம படகுல தண்ணி ஏறுது. ஒவ்வொருத்தரா சாமானைத் தூக்கிக் கடல்ல போடறாங்க. அவளும் போடறா. பொட்டி போச்சு, செருப்பு போச்சு, காகிதமெல்லாம் போச்சு. நானும் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன், கையில ஏதாச்சும் மிச்சமிருக்கான்னு. ஒண்ணுமில்ல. அவ பேசிக்கிட்டே இருக்கா, அவ்வளவுதான். பேச்சை இருப்புல எழுத முடியாதே."

 "குழந்தை?" என்றார் பொறியாளர்.

"குழந்தை பொருள் இல்லையே சார்."

"அது தெரியும்மா. கரை சேர்ந்தாங்களா?"

ஸ்டோரக்கா அலமாரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். மெல்லிய புத்தகம். உட்காராமல், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் கண்ணை ஓட்டித் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். மருந்துப் பெட்டி வந்திறங்கும்போது வாசிக்கிற அதே குரல், ஏற்ற இறக்கம் கிடையாது. முதலில் அவள் தட்டை எறிகிறாள். பிறகு போர்வையை. பிறகு அம்மா கொடுத்த கத்தரிக்கோலை, அதை எறியுமுன் குழந்தையின் நெற்றி முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறாள். பிறகு அந்த முடியையும் காற்று கொண்டுபோகிறது. பொறியாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஸ்டோரக்கா அரை மணி நேரம் வாசித்தார். அலை படகின் மேல் எழும்புகிற இடம் வந்தது. குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிறது. ஸ்டோரக்கா புத்தகத்தை மூடினார்.

"மணி அஞ்சாச்சு சார். மூடுற நேரம்."

"அட, முடிச்சிட்டுப் போகலாம்மா," என்றார் தலைவர்.

"விதி அப்படித்தான் சார். மீதி நாளைக்கு. நாளைக்கு அறை இருந்தா."

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "மாடியில வராண்டாவை அடைச்சா கம்ப்யூட்டர் வைக்கலாம், வெக்கைதான் கொஞ்சம் இருக்கும்," என்றார். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நின்றபடியே ஃபைலை வாங்கி, அறை நீடிக்கலாம், இந்தப் பணியாளர் இங்கேயே நீடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, உங்களை என்னமோன்னு நினைச்சேன். சரியா அந்த இடம் பார்த்து நிறுத்தினீங்களே, வேணும்னேதானே?"

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 

"இல்ல மேடம். இன்னும் ஒரு வரி வாசிச்சிருந்தா நான் அழுதிருப்பேன்."